நாய் ஒப்புக்கொள்ளாத கொள்கை

முடிவை முதலில் எழுதி வைத்துவிட்டு, அப்புறம் சோதனைக்கு உட்காரும் ஓர் இனம் உண்டு. திஸா ஆற்றங்கரையில் நான் உதவியாளனாக இருந்த ஆய்வுக்கூடத்தில் அதன் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி ஒன்று இருந்தது. பெயர் பேராசிரியர் வர்கொன்யி.

குடலை வெட்டினால் வயிற்றில் அமிலம் குறையும் என்பது அவர் கொள்கை. காலையில் ஒருமுறை, மதியச் சூப்புக்கு முன் ஒருமுறை, சூப்பு சூடாக இருந்தால் ஆறும்வரை இன்னொரு முறை சொல்வார். மொர்ஷா என்ற நாய்க்குச் சிறுகுடலில் முக்கால்வாசியை எடுத்தோம். அது மெலிந்தது, வாந்தி எடுத்தது, தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. வயிற்றை 'போதும்' என்று அடக்கும் ஹார்மோன்கள் குடலில் அல்லவா ஊறுகின்றன? குடல் போனால் அமிலம் கேட்பாரற்றுப் பொங்கும். அதை யார் அவரிடம் சொல்வது?

அமிலத்தை அளப்பது எளிது. குடுவையில் நிறங்காட்டி கலந்த வயிற்று நீரில், அமிலத்தை முறிக்கும் காரத்தைக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டும். எவ்வளவு காரம் செலவாகிறதோ அவ்வளவு அமிலம். சொட்டவிடுவது நான், "நிறுத்து" என்பது அவர். அன்று பத்தாவது சொட்டிலேயே நிறுத்தச் சொன்னார். "பாத்தீங்களா, செவந்துருச்சு!"

கூடத்து உதவியாளர்கள் ஏழு பேரும் தலையாட்டினோம். நானும்தான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நாய்களைப் பராமரிக்கும் பிரோஷ்கா மட்டும் மொர்ஷாவை மடியில் வைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"எங்கய்யா செவப்பு? வெறுந்தண்ணியால்ல இருக்கு!"

"உனக்குக் கண்ணாடி மாத்தணும், பிரோஷ்கா."

"நான் மாத்திக்கிறேன். மொதல்ல இந்த நாய்க்கு அமிலத்துக்கு மருந்து குடுங்க. செத்துரும்."

"இல்லாத அமிலத்துக்கு மருந்து எதுக்கு?"

அவள் நாயை என்னிடம் திணித்துவிட்டு, குழாயின் திருகைத் தானே திறந்தாள். குழாய் காலியானது. மறுபடி நிரப்பினாள். அதுவும் பாதி இறங்கிய பிறகுதான் குடுவை சிவந்தது.

பேராசிரியர் குடுவையைப் பார்த்தார். நாயை முறைத்தார்.

"இந்த நாயே சரியில்ல. சரி, மருந்தக் குடு. ஆனா மருந்துன்னு ஏட்டுல எழுதாதே, சூப்புல ஏதோ கலந்ததா இருக்கட்டும்."

"என்னவோ எழுதிக்குங்க. உசுரு பொழச்சாச் சரி."

நான்காம் நாள் மொர்ஷா தட்டைக் காலி செய்துவிட்டு அவரைப் பார்த்துக் குரைத்தது. "சூப்பு அப்படி!" என்றார் அவர்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் பிள்ளை "வயிறு எரியுது" என்று வந்து நின்றபோது, "நேத்து மொளகாயே போடலையே, எப்படி எரியும்?" என்று திருப்பி அனுப்பியது யார்?