வேட்டி மிதக்கிற படம்

சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் ஒரு ஊர் உண்டாம். பஸ் நின்றாலும் நிற்குமாம், நிற்காமலும் போகுமாம். அந்த ஊரில் ஒரு வீடாம். அந்த வீட்டுக்கு ஒரு ராஜாவாம். பேர் ஈஸ்வரபாண்டி. ராஜா என்று சொன்னது அவர்தான். வீட்டில் வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

ராஜாவுக்குக் கொஞ்சம் திராட்சைப் பந்தல், முனீஸ்வரி என்று ஒரு மனைவி, ஓவியா என்று ஒரு மகள். இவை போக ஒரு கதை. சொத்தில் பெரியது அந்தக் கதைதான்.

அவர் அரை டவுசர் போட்டிருந்த காலத்தில் ஊருக்குள் சினிமாக்காரர்கள் வந்து ஒரு குடும்பச் சிரிப்புப் படம் எடுத்தார்கள். ஒரே கல்யாண வீட்டில் சம்பந்திகள் அடித்துக்கொள்ளும் படம். முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் பெரிய சம்பந்தியின் பட்டு வேட்டி வாய்க்காலோடு போய்விடும். ஒரு பையன் பாலத்திலிருந்து தலைகீழாகக் குதித்து அதை மீட்டு வருவான். சுவரொட்டியில் அந்தப் படத்துக்கு என்ன பேரோ, எங்கள் பக்கத்தில் அதன் பேர் 'வேட்டி மிதக்கிற படம்'தான்.

'அந்தப் பையன் நான்தான்' என்று ஈஸ்வரபாண்டி சொல்லிவந்தார். டீக்கடையில் சொன்னார். திராட்சை ஏற்ற வந்த லாரிக்காரரிடம் சொன்னார். முனீஸ்வரியைப் பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

யாரும் மறுக்கவில்லை. மறுக்க முடியாது. டி.வி.யில் வந்த பிரிண்ட் அப்படி. படம் முழுக்கக் கீறல் மழை பெய்யும். கூரைக்குக் கீழேயும் பெய்யும். குதிக்கிற பையனின் முகம் கரைத்த தோசை மாவு மாதிரி இருக்கும். அதில் யார் முகத்தை வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம். ஈஸ்வரபாண்டி ஊற்றிக்கொண்டார்.

உண்மையில் குதித்தது அவர் இல்லை. அவரும் படத்தில் இருந்தார்தான். வேறு காட்சியில் இருந்தார். அந்தக் காட்சி வரும்போது மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே பெருமை அந்தக் குதிதான். ஒரே சந்தோஷம் அப்பளம். அதிலும் ஒரு சின்ன வழக்கம் உண்டு. அவர் இலையில் அப்பளம் விழுந்ததும் முனீஸ்வரி அதை எடுத்து மொறுக்கென்று கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கதை. பாசம் என்று நினைத்துக்கொண்டார்.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் ஓவியாவும் புது மாப்பிள்ளை சுரேஷ்கண்ணனும் தேனியிலிருந்து முதல் விருந்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை கையோடு ஒரு டி.வி. கொண்டுவந்திருந்தார். சுவரில் பாதியை அடைத்தது.

"மாமா, ஒங்களுக்கு ஒரு நல்ல சேதி. வேட்டிப் படத்தப் புதுசாக்கிட்டாக! பழைய பிலிமத் தேடிப் புடிச்சு, கழுவித் தொடச்சு, ஹெச்.டி.யில விட்டுருக்காக."

"கீறலு?"

"ஒண்ணு கெடையாது."

"மழை?"

"ஒரு சொட்டு கெடையாது மாமா. எறும்பு போனாலும் அது மீசை தெரியுதாம்."

ஈஸ்வரபாண்டியின் மீசை வேர்த்தது.

"அப்ப... மூஞ்சியெல்லாம்?"

"பளிங்கு மாதிரி! நான் இன்னும் பாக்கல. ஒங்க கூட உக்காந்து பாக்கணும்னு வச்சிருக்கேன். ஆபீஸ்ல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், எங்க மாமாதான் குதிச்சாகன்னு."

அந்த வீட்டில் அவரை அண்ணாந்து பார்க்கிற ஒரே ஆள் மாப்பிள்ளைதான். அதுவும் போய்விட்டால், பந்தலில் இருக்கிற கொடிகூட அவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

'இந்தப் படம் இந்த வீட்டில் ஓடாது' என்று சபதம் எடுத்தார். கொல்லைப்புறமாகச் சுற்றி வந்தார். வாசல் சுவரில் இருந்த மெயின் பெட்டியைத் திறந்தார். பீஸ் கட்டையைப் பிடுங்கினார். திராட்சைப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தார். சட்டையை உதறிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாக உள்ளே வந்தார்.

"அடடா, கரண்ட் போயிருச்சா?"

முனீஸ்வரி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "பக்கத்து வீட்டுல ஃபேன் சுத்துதே?"

"அது வேற லைனு."

"ரெண்டுக்கும் ஒரே போஸ்ட்டுதான?"

"போஸ்ட்டு ஒண்ணு, லைனு வேற. லோயர் கேம்புல கரண்ட் எடுக்கிற மிசின் ஏதோ நின்னு போச்சாம்."

"நம்ம வீட்டுக்குன்னு ஓடுற மிசினா?"

"ஒனக்கு இதெல்லாம் புரியாது."

"சரிங்க" என்றாள்.

முனீஸ்வரி எதிர்த்துப் பேசினால் பிழைத்துக்கொள்ளலாம். 'சரிங்க' என்று சொல்லிவிட்டால் ஆபத்து. ஆனால் ஜெயித்த மிதப்பில் இருந்தவர் காதில் அது ஏறவில்லை.

மணி ஒன்றானது. சாம்பார் வாசம் வந்தது. சாம்பார் வரவில்லை.

"என்ன முனீசு, இலை போடலையா?"

"எப்படிப் போட? மொத விருந்து. வடை இல்லாம மாப்பிள்ளைக்கு இலை போடுறதா? உளுந்து ஊறிக் கெடக்கு. கிரைண்டர் ஓடணும்ல."

"ஆட்டுரல் எங்க?"

"அதத்தான கோழிக் கூண்டு பறக்காம இருக்கப் பாரமா வச்சிருக்கீக. தூக்கிட்டு வாங்க."

"சரி, மிக்ஸில..."

"அது மண்ணெண்ணெயில ஓடுதா?"

மணி இரண்டானது. மாப்பிள்ளை மரியாதைக்குப் பசிக்கவில்லை என்றார். ஈஸ்வரபாண்டிக்கு அந்த மரியாதை கிடையாது. அவர் வயிறு முதலில் முனகியது. அப்புறம் உறுமியது. ஓவியா வாசலை எட்டிப் பார்த்து, "டிராக்டர் வருதாப்பா?" என்று கேட்டாள்.

ஒரு பக்கம் மானம். ஒரு பக்கம் வடை, பாயாசம், அப்பளம். மானம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிறகு வழிவிட்டது.

பூனை மாதிரி வாசலுக்குப் போனார். பெட்டிக்கு அடியிலிருந்து பீஸ் கட்டையை எடுத்தார். சொருகினார். வீடு வெளிச்சமானது.

"லோயர் கேம்புல சரி பண்ணிட்டாக போல!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். "சீக்கிரம் மாவை ஆட்டு!"

முனீஸ்வரி ஏற்கெனவே வடையைச் சுட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்ப ஆட்டுனே?"

"நீங்க கரண்ட் போயிருச்சுன்னதுமே. பக்கத்து வீட்டுல. அது வேற லைனுதான?"

ஒரு கையில் வடைச் சட்டி. இன்னொரு கையில் ரிமோட். டி.வி.க்கு எதிரே வரிசையாக இலை விரித்திருந்தது. படமும் சாப்பாடும் சேர்ந்தே ஆரம்பமாயின.

வாய்க்கால் காட்சி வந்தது. தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. பாலத்திலிருந்து பையன் குதித்தான். வேட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, திரையைப் பார்த்து ஈ என்று இளித்தான். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிளே போகலாம்.

மாப்பிள்ளை வாயில் வடையோடு திரைப் பக்கம் குனிந்தார். "மாமா, இது பைபாஸ்ல பஞ்சர் கடை வச்சிருக்காகள்ல, ஒச்சாண்டி மாமா? இந்தப் பல்லு அவுகதான?"

"அது வந்து மாப்பிள்ள... நான் மொதல்ல குதிச்சேன். அத வெட்டிட்டாக."

"இருங்க, இன்னும் வெட்டாதது இருக்கு" என்றாள் முனீஸ்வரி.

ஈஸ்வரபாண்டி தண்ணீர் குடிக்க எழுந்தார். அவள் சொம்பைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். உட்கார்ந்தார்.

திரையில் கல்யாணப் பந்தி. உண்மையான சாப்பாடு போட்டு எடுத்த காட்சி. முதல் பந்தியில், புருவத்தில் தழும்புள்ள ஒரு பையன் உட்கார்ந்து வெளுத்துக் கட்டினான். இரண்டாவது பந்தியிலும் அதே பையன். மூன்றாவதிலும் அவன்தான், சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான்.

"அப்பா," என்று ஓவியா அவர் புருவத்தைப் பார்த்தாள், "இது நீங்கதானே?"

பக்கத்து இலையில் மஞ்சப் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பிள்ளை. அந்தப் பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிய நேரம், பையனின் கை நீண்டது. அப்பளம் மறைந்தது. பிள்ளை வாயைப் பிளந்து அழுதது. ஹெச்.டி.யில் கண்ணீர் முத்து முத்தாக உருண்டது.

முனீஸ்வரி அங்கேயே படத்தை நிறுத்தினாள்.

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. கை கழுவ எழுந்து ஓடினார். ஓவியாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கொல்லையில் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஈஸ்வரபாண்டி திரையைப் பார்த்தார். அழுகிற பிள்ளையின் கன்னத்தில் ஒரு மச்சம். நிமிர்ந்து பார்த்தார். மனைவியின் கன்னத்திலும் அதே இடத்தில் ஒரு மச்சம்.

"முனீசு... நீயா?"

"சூட்டிங் பாக்க எங்காத்தா கூட்டிட்டு வந்துச்சு. ஒத்த அப்பளம். கடைசியாத் திங்கலாம்னு வச்சிருந்தேன்."

"நான்தான்னு எப்பத் தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கே. வாய் பாலத்துல இருந்து குதிச்சதச் சொல்லிட்டிருந்துச்சு. கை ஒங்க மாமா தட்டுல இருந்த பஜ்ஜியை எடுத்துட்டிருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன்டி என்னையக் கட்டிக்கிட்டே?"

"பெறகு என் அப்பளத்த யாருகிட்டப் போயி வாங்குறதாம்?"

குனிந்தாள். அவர் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்தாள். மொறுக்கென்று கடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.