மறுமுனை பிடிக்க ஆள் கிடைத்துவிட்டது

அன்பும் அதைவிட அதிகமாகக் கோபமும் கொண்ட மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே குற்றத்துக்காக இத்தனை வருஷம் உன்னோடு ஒரே மெத்தைக் கடையில் உட்கார்ந்திருந்த மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, கடை மூவரும் சுகம். என் முழங்காலை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது தனிக்குடித்தனம் போய்விட்டது. அங்கே நீ, உன் மகள், மருமகன், பேத்தி எல்லாரும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் நீ "ம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. நானும் "ம்" என்கிறேன். அங்கே மழையா என்று நான் கேட்கிறேன், இங்கே வெயிலா என்று நீ கேட்கிறாய், பிறகு இருவரும் ஒரே சமயத்தில் "சரி, வெச்சுடவா?" என்கிறோம். காலையில் கதவைத் திறந்ததிலிருந்து பூட்டுகிறவரை வாய் ஓயாமல் சண்டை போட்ட இரண்டு பேருக்குப் போனில் பேச வரவில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நீ திரும்பி வரவேண்டிய அவசியம் இல்லை. கடைக்கும் தேவையில்லை, எனக்கும் தேவையில்லை. இதைச் சுருக்கமாகச் சொன்னால் நீ தப்பாக எடுத்துக்கொள்வாய் என்பதால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

நீ மகளோடு போன பிறகு கடைக்கு வருகிறவர்கள் குறையவில்லை, வாங்குகிறவர்கள்தான் குறைந்தார்கள். குடும்பத்தோடு வருவார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மெத்தையிலும் ஏறிப் படுப்பார்கள், புரள்வார்கள், ஒருத்தர் குறட்டையே விட்டார், நான்தான் விளக்கை அணைத்தேன். எழுந்ததும் ஓரத்தில் தைத்திருக்கும் சீட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு "யோசிச்சு சொல்றோம்" என்பார்கள். யோசிப்பது வாசற்படி வரைக்கும்தான். அங்கேயே நின்று அதே மாதிரி மெத்தையைப் போனில் ஆர்டர் போட்டுவிடுவார்கள். அது பாயைப் போலச் சுருண்டு ஒரு பெட்டிக்குள் அடங்கி வீட்டுக்கே வந்துவிடுமாம். படுத்துப் பார்க்க நம் கடை, வாங்கப் போன். இதையெல்லாம் பார்த்து வெறுத்துப்போய் உன் அக்கா ஒருநாள், "ஊரே போனுக்குள்ள இருக்கு, நீங்க மட்டும் ஏன் வெளிய உட்காந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, மருந்துக் கடை மாடியில் ஒற்றை அறையில் விளம்பர ஆபீஸ் நடத்தும் ஒரு பெண்மணியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். கையிலும் இரட்டைப் போன். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ரீல்ஸ் மேடம்.

வந்ததும் முதல் கேள்வி, "சார், உங்க கடையோட கதை என்ன?"

"மெத்தை விக்கிறோம்."

"அது வியாபாரம் சார். நான் கேக்கறது கதை."

"மெத்தை விக்கலை. அதான் கதை."

நான் வருத்தப்பட்டுச் சொன்னதை அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்து, "சூப்பர் சார், கேமரா முன்னாடியும் இப்படியே பேசுங்க" என்றார். முதல் மூன்று விநாடிக்குள் பார்க்கிறவரைப் பிடித்து நிறுத்தாவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்களாம். நாம் ஆளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முதுகு வலி எத்தனை நாளாக என்று விசாரித்து முடிப்பதற்குள் அவர்கள் பத்து வீடியோ பார்த்துவிடுவார்களாம். அந்த வாரம் தலையணையை வைத்து ஆடும் ஆட்டம் ஒன்று எல்லாப் போனிலும் ஓடிக்கொண்டிருந்ததால் நானும் ஆட வேண்டியதாயிற்று. நீ சிரிக்காதே. இரண்டாவது சுற்றில் இடுப்பு பிடித்துக்கொண்டது, தலையணை மட்டும் தனியாக ஆடியது. மொத்தம் நாற்பத்தொரு தடவை பார்த்திருந்தார்கள். அதில் பாதித் தடவை உன் அக்கா.

அடுத்து, லட்சம் பேர் பின்தொடர்கிற ஒரு பெண்ணை வரவழைத்தார். அந்தப் பெண் பளபளவென்று பூப்போட்ட இரவு உடையில் வந்து, வட்ட விளக்கு ஒன்றைப் பொருத்தி, நம் விலையுயர்ந்த மெத்தையில் எம்பிக் குதித்து, "மேகத்துல மிதக்கற மாதிரி இருக்கு ஃப்ரெண்ட்ஸ்!" என்றாள். மெத்தை தாங்கியது, கட்டில் தாங்கவில்லை. ஆனாலும் வீடியோ பிரமாதமாக ஓடியது. அதற்குக் கீழே எழுதிய அத்தனை பேரும் கேட்ட ஒரே கேள்வி, "அந்த டிரஸ் எங்க வாங்கினீங்க?" எதிர் வரிசைத் துணிக்கடைக்காரர் அன்று சாயங்காலம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

இனி இந்த வம்பே வேண்டாம் என்று நான் சொன்ன அன்றுதான் உன் அக்கா தன் போனில் இருந்த ஒரு வீடியோவை ரீல்ஸ் மேடத்துக்குக் காட்டினாள். நீ ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் எடுத்ததாம், எனக்கே தெரியாது. நீயும் நானும் பெரிய மெத்தை ஒன்றை வண்டியில் ஏற்றக் கதவு வழியாக வெளியே கொண்டுவருகிறோம். உன் முகமே தெரியவில்லை, மெத்தைக்குக் கீழே இரண்டு காலும் மெத்தைக்குப் பின்னாலிருந்து குரலும்தான். "இடது பக்கம் திருப்பு" என்கிறேன். "என் இடதா, உங்க இடதா?" என்கிறாய். "கடையோட இடதுடா!" என்கிறேன். "கடைக்கு ஏது மாமா கை?" என்கிறாய். கடைசியில் மெத்தை கதவில் வளைந்து சிக்கிக்கொள்ள, நான் தெருவிலும் நீ கடைக்குள்ளேயுமாக இருவரும் மெத்தையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறோம். ரீல்ஸ் மேடம் அதற்கு ஒரு பாட்டுக்கூடப் போடவில்லை, அப்படியே ஏற்றிவிட்டார்.

மறுநாள் நான் கடையைத் திறக்கும் முன்பே வாசலில் ஆள். "அந்தக் கதவு இதுதானே?" என்று கேட்டுப் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி கதவோடு நின்று படம் எடுத்துக்கொண்டது. முப்பது வருஷம் மெத்தை விற்ற எனக்கு, மக்கள் கதவுக்காகத்தான் காத்திருந்தார்கள் என்பது தெரியாமல் போய்விட்டது. எல்லாருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அந்த இன்னொருத்தர் எங்க சார்?" உள்ளே இருக்கிறான் என்று ஒரு தடவை பழக்கத்தில் சொல்லிவிட்டேன். திரும்பிக்கூடப் பார்த்தேன்.

"இப்ப ஜோடிதான் சார் டிரெண்டு. ஒத்தை ஆளா நின்னு பேசினா யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் ரீல்ஸ் மேடம். உன்னைக் கூப்பிடச் சொன்னார். முடியாது என்றேன். உடனே, "அப்போ வேற மாப்பிள்ளை பாத்துடலாம்" என்றார், ஏதோ பெண்ணுக்கு வரன் தேடுகிற மாதிரி. தேடிப் பிடித்தும் விட்டார். மேடை நாடகங்களில் நடித்தவர், உன் உயரம், உன் தொப்பை, சட்டைக்கைகூட உன்னைப் போலவே ஒன்று மடித்தும் ஒன்று மடிக்காமலும். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் குறை. கேமரா ஓடுகிறது, "இடது பக்கம் திருப்பு" என்கிறேன், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா" என்று திருப்புகிறார். மாப்பிள்ளை, நம் கடை வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு மெத்தை எங்கேயும் உரசாமல், ஒரே மூச்சில் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. நான் அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். திட்டுவதற்கு வாயைத் திறந்து வைத்திருந்தேன், உள்ளே ஒன்றும் இல்லை. "ஏதாவது சொல்லுங்க சார்" என்று ரீல்ஸ் மேடம் சைகை காட்டினார். "தேங்க்ஸ்" என்றேன். நான் உன்னிடம் ஒருநாளும் சொல்லாத வார்த்தை.

அந்த வீடியோவுக்குக் கீழே "இவர் அவர் இல்லை" என்று கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். போதாததற்கு, ஒரு பெரியம்மா நேரிலேயே வந்தார். ஒற்றை மெத்தை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அழுத்திப் பார்த்து, எல்லாம் பிடித்துப்போய், கடைசியில், "நீங்க ரெண்டு பேரும் தூக்கிட்டு வந்து போட்டாத்தான் வாங்குவேன்" என்றார்.

"அவர் பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காருங்க. ரொம்பத் தூரம்."

"வரட்டும். வந்ததும் சொல்லி விடுங்க. அதுவரைக்கும் பழசுலயே படுத்துக்கறேன்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ரீல்ஸ் மேடத்தின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. அன்றே நம் கடையின் வீடியோப் பக்கத்தில் ஒரு வாக்கெடுப்பு: "மாப்பிள்ளை திரும்பி வருவாரா?" பதில் இரண்டு கட்டம். ஒன்றில் "ஆம்", இன்னொன்றில் "கண்டிப்பாக". இல்லை என்பதற்குக் கட்டமே கிடையாது. ஆயிரக்கணக்கில் குத்தித் தள்ளினார்கள். "அவர் வந்தால் வாங்கிக்கொள்கிறேன்" என்று வரிசையாக முன்பதிவு. எதிர்பார்க்க வைப்பதுதான் இப்போது பெரிய மார்க்கெட்டிங்காம், சரக்கைக் காட்டாமல் ஏக்கத்தைக் காட்ட வேண்டுமாம். சொல்லிக்கொடுக்கிறார், யாருக்கு? எனக்கு!

"அதை உடனே எடுத்துடுங்க" என்றேன்.

"சார், இவ்வளவு ஆர்டர் நிக்குது. அவர் ஒரு தடவை வந்துட்டுப் போனா போதும். நானே அவருக்கு மெசேஜ் போடறேன்."

"போட்டீங்கன்னா நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

நான் அப்படிக் கடுமையாகப் பேசி அவர் பார்த்ததில்லை. மூக்கு சிவந்து போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். கொஞ்ச நாளைக்கு முன் நாம் பேசி முடித்த பிறகு நீ போனை அணைக்காமல் அப்படியே வைத்துவிட்டாய். நானும் அணைக்கவில்லை. பேத்தி உன் முதுகில் ஏறிக் குதிரை ஓட்டினாள் போலிருக்கிறது, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று அதட்டினாள். "எந்தப் பக்கம்டி செல்லம், உன் பக்கமா, என் பக்கமா?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். உன் மனைவி, என் தங்கச்சி, கண்ணை மூடிய பிறகு கடையில் உன் சண்டையை நான் தினமும் கேட்டிருக்கிறேன், அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. கூப்பிட்டால் நீ மறுப்புச் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாய். அதனால்தான் கூப்பிடக் கூடாது.

மறுநாள் கேமரா முன்னால் தனியாக உட்கார்ந்து, "அவர் வரமாட்டாரு. பேத்தியோட சந்தோஷமா இருக்காரு. மெத்தை வேணும்னா வாங்குங்க, சண்டை இல்லாம கொண்டுவந்து போடறோம்" என்று சொன்னேன். மூன்று விநாடி, பிடித்து நிறுத்துவது எதையும் யோசிக்கவில்லை. "இது ஓடாது சார்" என்று வருத்தத்தோடு ஏற்றினார் ரீல்ஸ் மேடம். ஓடவும் இல்லை. நடந்துதான் போனது. ஆனால் சனிக்கிழமை காலையில் முன்பதிவு செய்திருந்த ஒருத்தர் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்து, "சார், எங்க மெத்தையை நாங்களே தூக்கிக்கறோம். நீங்க தள்ளி நின்னு பாருங்க" என்றார். கதவுக்கு வருவதற்குள் இருவருக்கும் இடது வலது தகராறு. மச்சானின் மனைவி வீடியோ எடுத்தாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. இப்போது அதற்கு "மச்சான் சவால்" என்று பெயர். அண்ணன் தம்பி வருகிறார்கள், மாமியார் மருமகள் வருகிறார்கள், நம் மெத்தையை வாங்கி நம் கதவில் சிக்கவைத்துக் கத்திவிட்டுச் சந்தோஷமாக எடுத்துப் போகிறார்கள். பெட்டிக்குள் சுருண்டு வருகிற மெத்தையில் இந்த வசதி இல்லை பார். அந்தப் பெரியம்மாவும் பக்கத்து வீட்டுக்காரியோடு வந்து, ஒற்றை மெத்தைதான், அதிலும் ஒரு சண்டை போட்டு எடுத்துப் போனார். ரீல்ஸ் மேடத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், இதெல்லாம் யாரு கணக்குப் போட்டு வருது" என்றார். வியாபாரம் முன்னைவிட நன்றாகவே போகிறது.

ஆகவே மாப்பிள்ளை, மறுமுனை பிடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்குத்தான் தூக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. எல்லாரும் உள்ளேயும் வெளியேயுமாக நின்று கத்தும்போது நான் கதவு மூடிக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நாள் முழுக்க நிற்கிறேன். சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஏன் என்று கேட்டால் தெரியாது.

நீ அங்கேயே நிம்மதியாக இரு. உன் மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசி. பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், எந்தக் கன்னம் முதலில் என்பதை அவளே சொல்லட்டும். குனியும்போது இடுப்பைப் பார்த்துக்கொள். எங்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமே இல்லை.

இப்படிக்கு,
உன் மேல் எந்த ஏக்கமும் இல்லாத,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அக்கா வாங்கிப் படித்தாள். படித்து முடித்ததும் தன் போனை எடுத்துக் காட்டினாள். வருகிற வெள்ளிக்கிழமை விமானத்தில் இரண்டு டிக்கெட். போன வாரமே எடுத்துவிட்டாளாம், உன் மகளுக்கும் தெரியுமாம், உனக்கும் எனக்கும்தான் தெரியாது. "கடையை யாரு பாத்துக்கறது?" என்றேன். "ரீல்ஸ் மேடம் பாத்துக்குவாங்க, பேசிட்டேன்" என்றாள். "என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?" என்றேன். "கேட்டா வேண்டாம்பீங்க. அதைத்தானே இவ்வளவு பக்கம் எழுதி வெச்சிருக்கீங்க" என்றாள். ஆகவே மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிட்டுப் படி. தபால் போகிற வேகத்தைப் பார்த்தால், நாங்கள் வந்து சேர்ந்து பல நாள் கழித்துத்தான் இது உன் கைக்கு வரும். அப்போது நான் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். பேசாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொள். குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படி. படித்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்காதே. ஏதாவது ஒன்றைச் சாக்கு வைத்துச் சண்டையை ஆரம்பி.