தியாகலிங்கத்தின் சீட்டுப் பெட்டி

கோப்பாய்த் தியாகலிங்கம் தன் மனைவியை உரும்பிராயில் மறந்துவிட்டு வந்த அன்றுதான், இனி எதையும் மறப்பதில்லை என்று சபதம் எடுத்தார்.

ஒரு கலியாண வீடு. சைக்கிள் கரியரில் ஞானாம்பிகையை ஏற்றிக்கொண்டு போனார். சாப்பிட்டார். வெற்றிலை போட்டார். சைக்கிளை எடுத்தார். சாம்பாரில் உப்புக் குறைவு என்பதை வழிநெடுக, பின்னால் திரும்பாமல் விளக்கிக்கொண்டே வந்தார். மறுபேச்சு வராதது மனதுக்கு இதமாகக்கூட இருந்தது. வாசலில் இறங்கி, "இஞ்சேரும், கேற்றைத் திறவும்" என்றார். கேற் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தார். கரியர் வெறுமையாக இருந்தது.

ஒரு மணித்தியாலம் கழித்து, ஆரோ ஒருவரின் மாட்டுவண்டியில், வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே பட்டுச் சேலையோடு ஞானாம்பிகை வந்து இறங்கினாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் தியாகலிங்கம் அன்றிரவு நித்திரை கொண்டிருப்பார்.

இத்தனைக்கும் அவர் அரசாங்கக் கச்சேரியில் பதிவறை எழுதுவினைஞர். முப்பது வருடத்துக்கு முந்திய கோவையைக் கேட்டாலும் தூசி தட்டி எடுத்துத் தருவார். கந்தோரில் எல்லாவற்றுக்கும் இலக்கம் இருந்தது. வீட்டில் ஒன்றுக்கும் இல்லை. அதுதான் குறை என்று நினைத்தார்.

வழியைக் காட்டியது ஒரு கடலைச் சரை. பழைய ஆங்கிலச் சஞ்சிகைத் தாளில் சுற்றியிருந்தார்கள். வேலையில் கெட்டிக்காரர் ஒவ்வொரு வேலையையும் ஒவ்வொரு துண்டில் எழுதிப் பெட்டியில் வைக்கிறார்கள் என்று அதில் இருந்தது. 'ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது' என்ற இடத்தில் தாள் கிழிந்திருந்தது. மிச்சத்தைத் தேடிக் கடலைக்காரியிடம் ஓடினார். முக்கியமானதை ஆரோ வாங்கித் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

யுத்தத் தடையால் சாமான் ஒன்றும் வராத அந்த நாட்களில் கடதாசிக்கும் தட்டுப்பாடு. பழைய கலியாண அழைப்புக் காட்டுகளை வெட்டிச் சீட்டுகள் செய்தார். பிஸ்கற் ரின் பெட்டியானது. உள்ளே மூன்று அறை: உடனடி, பிறகு, ஆலோசனையில். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும், இண்டையிலை இருந்து வாயாலை சொல்லுற வேலை ஒண்டும் செல்லாது. சீட்டிலை இருக்கோணும். சீட்டிலை இருந்தால் தலைகீழாய் நிண்டெண்டாலும் செய்வன்."

"சீட்டை ஆர் எழுதுறது?"

"நான்தான்."

"அப்ப நான் சொல்லுறது?"

"பரிசீலிக்கப்படும்."

"குசினிக் கூரையை ரெண்டு வருசமாய்ச் சொல்லுறன். அடுப்புக்கு மேலை குடை பிடிச்சுக்கொண்டு சமைக்கிறன். ஐப்பசி மழை வருகுது."

"ஆலோசனையில் போட்டிருக்கிறன்."

"உதென்ன, ஞாயிறு பின்னேரம், வாசிகசாலையிலை கடதாசி வேலை எண்டு கிடக்கு?"

"பொது வேலை."

"கடதாசி வேலையோ, கடதாசி விளையாட்டோ?"

தியாகலிங்கம் பெட்டியை மூடினார். சபதத்தின் உட்கருத்தே அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலையில் கூட்டாளி கனகசபாபதியோடு இருந்து முந்நூற்றிநாலு என்ற கடதாசி ஆட்டம் அடிப்பதற்கு, அரசாங்க முறைப்படி ஒரு அனுமதி.

முதல் கிழமை பெட்டி பொன்போல வேலை செய்தது. குண்டு போடும் பொம்மர் வானத்தில் இரைந்தபோதும் அதைத் தூக்கிக்கொண்டுதான் பதுங்குகுழிக்குள் பாய்ந்தார். ஞானாம்பிகை பின்னால் வருகிறாளா என்று பார்ப்பதற்குத்தான் சீட்டு எழுதியிருக்கவில்லை.

இரண்டாம் கிழமை, உடனடி அறையில் ஒரு சீட்டு: 'கிணற்றடி வாழைக்குப் பாத்தி கட்டுதல்.' அவருடைய எழுத்து. வால் நீண்ட அதே ழ. எப்போது எழுதினார்? ஞாபகம் இல்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். பாத்தி கட்டினார். முதுகு பிடித்தது.

அடுத்தது: 'பெரியக்கா வீட்டுக்குப் போய்ச் சுகம் விசாரித்தல்.' பெரியக்கா ஞானாம்பிகையின் தமக்கை. அவவைக் கண்டால் தியாகலிங்கம் பதினொரு வருடமாக ஒழுங்கை மாறிப் போகிறவர். இதை நானா எழுதினேன்? எழுத்து, ஓம் என்றது. போனார். மூன்று மணித்தியாலம் தன் குறைகளைக் கேட்டுவிட்டு வந்தார். பிறகு கோழிக்கூடு. பிறகு வேலி. எல்லாம் அவர் எழுத்து. ஒன்றும் அவர் ஞாபகத்தில் இல்லை.

தியாகலிங்கத்துக்குப் பயம் பிடித்தது. அவருடைய தகப்பனார் கடைசிக் காலத்தில் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, நீர் ஆரின்ரை பிள்ளை?" என்று அவரையே கேட்டவர். அந்தக் கேள்வி இப்போது ஒவ்வொரு சீட்டையும் எடுக்கும்போது காதுக்குள் கேட்டது. பரியாரியாரிடம் போனார். ஞாபகத்துக்கு வல்லாரை சாப்பிடச் சொன்னார் அந்த நாட்டு வைத்தியர். ஞானாம்பிகை பத்து நாள் வல்லாரைச் சம்பல் அரைத்துக் கொடுத்தாள். "யோசியாதையுங்கோ அப்பா, வயசு போனால் எல்லாருக்கும் வாறதுதான்" என்று ஆறுதலும் சொன்னாள். அந்த ஆறுதலோடு அவருக்கு இருந்த நம்பிக்கையும் போய்விட்டது.

உரும்பிராய் வாசிகசாலையோடு முந்நூற்றிநாலு இறுதிப் போட்டி வந்தது. போட்டி நாள், ஞாயிறு காலை, பெட்டியைத் திறந்தார். 'குசினிக் கூரை மேய்தல். இன்று. கட்டாயம்.' கீழே இரண்டு கோடு. அவர் கட்டாயத்துக்கு இரண்டு கோடுதான் போடுவார்.

அழுகை வந்தது. அழுதுகொண்டே ஏணியை எடுத்தார். கூரைக்குப் புதுத் தென்னோலைக் கிடுகு, கட்டுக் கட்டாக, ஏற்கெனவே முற்றத்தில் கிடந்தது. அதைத் தான் எப்போது வாங்கினேன் என்று கேட்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை.

பழைய கூரையைப் பிரித்துக் கால்வாசி கட்டியிருப்பார். கனகசபாபதி சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"டேய் தியாகு, என்னடா செய்யிறாய்? அங்கை எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்!"

"வரேலாது. சீட்டிலை கிடக்கு."

"என்ன சீட்டு? காட்டு பாப்பம்."

மடியில் இருந்து எடுத்து எறிந்தார். கனகசபாபதி வாசித்தார்.

"கூரை மேய்தல். மேயிறதுக்கு நீ என்ன மாடோ?"

தியாகலிங்கம் ஏணியில் அப்படியே நின்றார். மேய்தல்! கச்சேரியில் இருபத்திரண்டு வருடமாக, மற்றவர்கள் 'மேய்தல்' என்று எழுதியதையெல்லாம் சிவப்பு மையால் வெட்டி 'வேய்தல்' ஆக்குகிறவர் அவர். செத்தாலும் இப்படி எழுதமாட்டார். அப்படியானால் தனக்கு மறதி இல்லை! தகப்பனாருக்கு வந்த வருத்தம் தனக்கு வரவில்லை! ஏணியில் இருந்து ஏறக்குறைய விழுந்து இறங்கினார்.

"இஞ்சேரும்! உதை நீர்தானே எழுதினனீர்?"

ஞானாம்பிகை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஓம். இருபது வருசமாய் உங்கடை கந்தோர் நகல் எல்லாம் ஆர் இருந்து எழுதித் தந்தது? உங்கடை எழுத்து எனக்கு வராதோ?"

"அப்ப வாழைப் பாத்தி, பெரியக்கா, கோழிக்கூடு, வேலி, எல்லாம் நீர்தான்!"

"சீ, எல்லாம் நானில்லை."

"என்ன?"

"பெரியக்காவிட்டை உங்களை நான் ஏன் அனுப்புறன்? நீங்கள் போய் வந்த பிறகு அவ மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை."

"அப்ப எத்தினை எழுதினனீர்?"

"ரெண்டு."

"கூரை ஒண்டு. மற்றது?"

ஞானாம்பிகை கத்தியைக் கீழே வைத்து யோசித்தாள். நேர்மையாக யோசிப்பது போலத்தான் தெரிந்தது. மேற்கே முகில் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் துளி, கூரையில்லாத பக்கமாக, அடுப்புக்குள் விழுந்து சுர் என்றது.

"தியாகு, வாறியோ இல்லையோ?" என்று கனகசபாபதி மணியை அடித்தார். கொஞ்சம் பார்த்துவிட்டு, ஆள் தேடி வேறு வீட்டுக்குப் போய்விட்டார்.

"சொல்லும், ஞானம்! மற்றச் சீட்டு எது?"

"எனக்கெப்பிடி ஞாபகம் இருக்கும் அப்பா? பெட்டியைத் திறந்து பாருங்கோவன்" என்றாள் ஞானாம்பிகை. "உங்கடை எழுத்து உங்களுக்குத் தெரியாதோ?"