முன்னூறு பஸ்கியும் மூன்று மலைச் சாதமும்

பம்பாய் நகரத்தில் தினம் முன்னூறு பஸ்கி எடுத்து, மாதம் தவறாமல் இரண்டு பவுண்டு எடை கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு ஒரே அறையில் ஆறு வருஷம் குடியிருந்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

பெற்றோர் வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்தது. நாங்கள் குடியிருந்த மாதுங்காவில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. சின்னவர்களுக்குப் பஸ்கி அண்ணா, பெரியவர்களுக்கு வெறும் பஸ்கி. பாலக்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் மனைவியையும் மூன்று பெண் குழந்தைகளையும் விட்டுவிட்டு, பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். நானும் அங்கேதான் போய்ச் சேர்ந்தேன். தங்க இடமில்லாமல் விழித்துக்கொண்டிருந்த என்னை முதல் நாளே, தன் அறையில் இடமிருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனார். இருந்த இடத்தை முழுக்க அவரே அடைத்திருந்தார் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

விடிந்தும் விடியாத வேளையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருப்பார். எண்ணிக்கையை உரக்கச் சொல்வார். நூறைத் தாண்டியதும் தரை அதிரும். இருநூறில் தண்ணீர்ப் பானை தானாக நகரும். கீழ்த்தளத்தில் குடியிருந்த ஓய்வு பெற்ற மராட்டிய வாத்தியார் ஒருநாள் மாடியேறி வந்து, தினமும் காலையில் பூகம்பம் வருகிறதே, உங்களுக்கும் தெரிகிறதா என்று மரியாதையாகக் கேட்டார். பஸ்கி அண்ணா அவர் வயிற்றைப் பரிவோடு தட்டிப் பார்த்தார். பத்து நிமிஷத்துக்குள் வாத்தியாரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். இருபதுதான் எடுத்தார். அவரைக் கீழே இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பூகம்பத்தைப் பற்றி அந்தக் குடும்பம் வாயே திறக்கவில்லை.

இத்தனை பஸ்கியும் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். மெஸ்ஸுக்குப் போயிற்று.

எங்கள் தெருக்கோடியில் மெஸ் நடத்தி வந்த மாமி, கணவர் இறந்தபின் தன் கைப் பக்குவத்தை மட்டும் நம்பிப் பம்பாயில் காலூன்றி நின்றவள். அவள் சமையலை உட்கார்ந்து ரசித்த ஒரே பிராணி பஸ்கி அண்ணா. நாங்கள் எல்லாம் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் விழுங்கிவிட்டு ஓடுவோம். அவர் இலையில் சாம்பாருக்கு ஒரு மலை, ரசத்துக்கு ஒரு மலை, மோருக்கு ஒரு மலை என்று சாதத்தைத் தனித்தனியாக எழுப்பி, மூன்றையும் முறைப்படி தகர்ப்பார். நடுவில் கண்ணை மூடிக்கொண்டு, “மாமி, இன்னிக்கு எரிசேரி பேசறது” என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு மாமி இன்னொரு கரண்டி போடுவாள்.

“இப்படிச் சாப்பிட்டா எப்படி அண்ணா இளைக்கும்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“உனக்கு இன்ஜின் தெரியுமோ? கரி போடாம இன்ஜின் ஓடுமோ? நிறையக் கரி போடணும், நிறைய ஓட்டணும். கொழுப்பெல்லாம் ஆவியாப் போயிடும், கேட்டியா.”

ஆவி எதுவும் வெளியேறியதாகத் தெரியவில்லை. கோட்டின் பொத்தான்கள்தான் ஒவ்வொன்றாக வெளியேறின.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடை. மாதுங்காவிலிருந்து மாஹிம் கடற்கரை வரை கையை வீசிக்கொண்டு போவார், துணைக்கு நான். திரும்பி வரும்போது முகம் ஏதோ பெரிய தியாகம் செய்தவர் முகம் போல இருக்கும். நேராக ஹோட்டலுக்குள் நுழைந்து இரண்டு மசால் தோசையும் ஒரு தட்டு போண்டாவும் வரவழைப்பார். நடந்ததில் உடம்பு எவ்வளவு இழந்திருக்கும், அதை ஈடுகட்டாவிட்டால் நரம்புத் தளர்ச்சி வந்துவிடும் என்று எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். நடக்காத ஞாயிறுகளில் அவர் போண்டா தின்பதில்லை. ஆகவே கணக்குப்படி நடைதான் அவரைக் குண்டாக்கியது.

ஸ்டேஷன் வாசலில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று உண்டு. காசு போட்டால் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். பஸ்கி அண்ணா மாதாமாதம் ஏறுவார். ‘நீங்கள் மனோதிடம் மிக்கவர்’ என்று ஜோசியம் வந்தால் இயந்திரம் நல்ல இயந்திரம் என்பார். திருப்பிப் பார்த்தால் இருநூற்றுப் பதினைந்து பவுண்டு. அது மட்டும் கோளாறு.

இப்படிப் போயிருந்தால் தொல்லை இல்லை. ஒரு வருஷம் கம்பெனியில் எல்லோருக்கும் வைத்தியப் பரிசோதனை வைத்தார்கள். கம்பெனி டாக்டர் ஒரு பார்சிக் கிழவர். பஸ்கி அண்ணாவைத் தராசில் ஏற்றி இறக்கி, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, மூன்று மாதத்தில் இருபத்தைந்து பவுண்டு குறைக்காவிட்டால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். தான் எடுக்கும் பஸ்கிகளின் எண்ணிக்கையை இவர் பெருமையாகச் சொல்ல, அதெல்லாம் நீ காலையில் தின்கிற ஜிலேபிக்கே ஈடாகாது, மீதிச் சாப்பாட்டுக்கு யார் பதில் சொல்வது என்று கிழவர் கேட்டாராம்.

அன்று மாலை இருவரும் ரயிலில் திரும்பினோம். ஊரில் நாலு வயிறு அவர் அனுப்பும் மணியார்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூத்த பெண்ணுக்கு வரன் வேறு பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். தாதரில் இறங்க வேண்டிய கூட்டம் எல்லாம் இறங்கின பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நாளையிலேர்ந்து அறுநூறு” என்றார்.

சாதத்தைக் குறையுங்கள் என்று நானும் நாலு நண்பர்களும் மன்றாடிப் பார்த்தோம். அறுநூறு எடுக்கிறவன் அரை வயிறு சாப்பிட்டால் செத்துப்போவான் என்றார். மாமியிடம் போய், இரண்டாம் முறை சாதம் கொண்டு வராதீர்கள் என்று கெஞ்சினேன். “இலையில உக்காந்தவனைப் பாதியில எழுப்பற பாவம் எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவள் அன்றைக்குப் பாயசம் வைத்தாள். ஒரு மாத முடிவில் எடை நாலு பவுண்டு ஏறியிருந்தது. அதெல்லாம் சதைப் பிடிப்பு, கொழுப்பு அல்ல என்று மெஸ்ஸில் அவர் ஒரு பிரசங்கமே செய்தார். பின்வரிசையிலிருந்து நான், “கம்பெனி டாக்டர் கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும் அண்ணா” என்றேன். மெஸ்ஸே சிரித்தது. எனக்கு அப்போதெல்லாம் அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடிக்கும்.

பிறகு மூன்று காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன.

முதலாவது, ரேஷன். யுத்த காலம், அரிசியைக் கண்ணில் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்கள். கோதுமையும் சோளமும், பம்பாய்க்காரர்கள் பாஜ்ரி என்று சொல்லும் கம்பும்தான் தாராளம். மாமி கண்ணீரும் கம்பலையுமாக ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஆளுக்கு வேளைக்கு ஒரு கிண்ணம் சாதம். மீதிப் பசிக்கு ரொட்டி. பஸ்கி அண்ணா தன் இலையில் கவிழ்ந்த சாதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அதை மலை என்று சொல்ல முடியாது. மேடு என்றுகூடச் சொல்ல முடியாது.

இரண்டாவது, முழங்கால். ஒரு விடியற்காலையில் நானூற்றுப் பன்னிரண்டாவது பஸ்கியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முட்டி வீங்கி, துணி சுற்றி, பஸ்கி என்ற பேச்சே கூடாது என்று உத்தரவாயிற்று. சரி, இவர் வேலை போயிற்று என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

மூன்றாவது, எனக்கு டைபாய்டு. இருபத்தொரு நாள் கிடந்தேன். நொண்டிக் காலோடு ஆபீஸுக்கும் போய்வந்து, எனக்கு ஈரத்துணியும் போட்டு, மாடிக்கும் கீழுக்கும் தண்ணீர் சுமந்தவர் பஸ்கி அண்ணாதான். காய்ச்சல் விட்டதும் பசி வந்தது. டைபாய்டு கண்டவர்களுக்குத்தான் அந்தப் பசி தெரியும். சுவரைச் சுரண்டித் தின்னலாமா என்று இருக்கும். குழைந்த சாதம் மட்டும்தான் கொடுக்கலாம், ரொட்டி ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ரேஷன் கிண்ணத்தை நினைத்து எனக்கு அழுகையே வந்தது. ஆனால் காலையிலும் மாலையிலும் பஸ்கி அண்ணா கொண்டுவந்த தூக்குப் பாத்திரத்தில் சாதம் நிறையவே இருந்தது. இது எங்கிருந்து என்று கேட்டேன். நோயாளிகளுக்கு ரேஷனில் தனி அரிசி தருகிறார்கள், மாமி வாங்கி வைத்திருக்கிறாள் என்றார். சர்க்காருக்கு இத்தனை ஈரம் இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே வழித்துச் சாப்பிட்டேன். ஐந்து வாரம் சாப்பிட்டேன்.

நான் நடமாட ஆரம்பித்த வாரத்தில் அவருடைய பரிசோதனை வந்தது. தராசில் ஏற்றினார்கள். இருபத்தெட்டு பவுண்டு குறைந்திருந்தது. பார்சிக் கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஏறச் சொன்னாராம். அதே எடை. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, உன் இருதயம் குதிரை இருதயம், அதைச் செய்தது உன் பஸ்கி, இந்த இளைத்த இடுப்பைச் செய்தது உன் சாப்பாட்டுத் தட்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பஸ்கி அண்ணா குழப்பிக்கொண்டார். அன்று மெஸ்ஸில் நடு இலையில் உட்கார்ந்து, தொளதொளத்த சட்டையை எல்லோருக்கும் இழுத்துக் காட்டினார்.

“போட்ட பஸ்கி எங்கே போகும்? உள்ளேயே இருந்துண்டு இப்பத்தான் வேலை செய்யறது.”

எனக்குப் பொறுக்கவில்லை. உடம்பில் தெம்பு வந்திருந்தது, கேட்க ஆளும் இருந்தது. எழுந்து நின்று, “அண்ணா ரெண்டு மாசமா ஒரு பஸ்கிகூட எடுக்கலை. இவரை இளைக்க வச்சது ரேஷன் ஆபீசர். அவருக்குத்தான் மாலை போடணும்” என்றேன். நாங்கள் எல்லோரும் அதே கிண்ணத்தில்தானே சாப்பிட்டோம், நாங்கள் யாரும் இருபத்தெட்டு பவுண்டு இளைக்கவில்லையே என்று எனக்குத் தோன்றவில்லை. மெஸ் அதிரச் சிரித்தது. பஸ்கி அண்ணாவும் சிரித்தார். கை கழுவப் போகிறவர் போல எழுந்து, நொண்டிக்கொண்டே வெளியே போனார்.

மாமி சிரிக்கவில்லை. என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“நோயாளிக்குத் தனி அரிசின்னு யாருடா தந்தா உனக்கு?”

“ரேஷன்ல...”

“ரேஷனும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவரோட ரெண்டு வேளைக் கிண்ணமும் உன் தூக்குலதான் போச்சு. அவருக்கு ஒரு காஞ்ச ரொட்டியும் மோரும். வயித்துக்கு ஒத்துக்காம அதையும் பாதி வச்சுடுவார். வாயைத் திறக்கப்படாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிண்டார். இன்னிக்கு நீ அவரைப் பார்த்துச் சிரிச்சதைத்தான் என்னால பார்த்துண்டிருக்க முடியலை.”

நான் அறைக்குப் போனபோது அவர் முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: வெயிலில் அலையாதே, இன்னும் பத்து நாளைக்குக் குழைந்த சாதம்தான், என்றார். நான் எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

அவர் வேலை நிலைத்தது. மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு நானும் பாலக்காட்டுக்குப் போய்ப் பந்தி பரிமாறினேன். யுத்தம் முடிந்து, கொஞ்சம் கொஞ்சமாக அரிசி திரும்பியது. அதோடு அவருடைய எடையும் திரும்பியது. மெஸ்ஸுக்குப் புதிதாக வருகிற பையன்களிடம், ஒரு காலத்தில் மூன்றே மாதத்தில் தான் இருபத்தெட்டு பவுண்டு இறக்கின கதையை அவர் ஆரம்பிப்பார். அவர்கள் நம்பாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சாட்சி சொல்ல நான்தான் எழுந்திருப்பேன்.

“சத்தியமா நான் கூடவே இருந்து பார்த்தேன்டா. அத்தனையும் பஸ்கி.”