யாரும் பார்க்காத எழுபத்திரண்டு படங்கள்

கொடுத்த வாக்கை நூற்றுக்கு நூறு நான் காப்பாற்றியது ஒரே ஒரு முறைதான். அதையும் காப்பாற்றாமல் இருந்திருந்தால் என் வீட்டில் இன்னும் என்னை மனிதனாக மதித்திருப்பார்கள்.

தாராவியில் லாத்தாவின் நிக்காஹ். (லாத்தா என்றால் அக்கா.) பெண்கள் பக்கம் வெளி ஆண் வந்து படம் எடுக்கக் கூடாது. செல்போனில் எடுத்தால் மறுநாளே உல்லாஸ்நகர் வரை ஃபார்வர்டு ஆகிவிடும் என்று வாசலிலேயே போன்களை வாங்கி வைத்துவிட்டார்கள். நானோ அப்போது பழைய ஃபிலிம் கேமராவும் கழுத்துமாகத் திரிந்துகொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளைதான் கலை என்று எவனோ சொன்னதை நம்பியிருந்த காலம்.

"ஃபிலிம எவனும் ஃபார்வர்டு பண்ண முடியாதும்மா. வெளி ஆம்பள கண்ணுல ஒரு படம் படாது, நான் பொறுப்பு" என்று உம்மாவிடம் வாக்குக் கொடுத்தேன்.

ஆதார் அட்டைக்குத் தவிர கேமரா முன் உட்கார்ந்தறியாத உம்மா, என்னை நம்பி லாத்தாவின் தோளில் கை போட்டுச் சிரித்தாள். மாப்பிள்ளையோடு மஸ்கட் போகும்போது கையோடு கொண்டுபோக அந்த ஒரு படத்தைத்தான் லாத்தா என்னிடம் கேட்டாள். மொத்தம் இரண்டு ரோல், எழுபத்திரண்டு படம் எடுத்தேன்.

இந்த ஃபிலிமைக் கையால் கழுவ மாட்டுங்காவில் ஒரு தமிழர் இருப்பதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, பார்த்துப் பார்த்துப் பிரிண்ட் போடும் இடமாம். யாரோ ஒருவர் இருட்டறையில் என் லாத்தாவையே பார்த்துக்கொண்டிருப்பதா? (எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.) நேரே செம்பூரில் ஒரு கலர் லேபுக்குப் போனேன். அங்கே எல்லாம் மெஷின். மெஷினுக்குக் கண் கிடையாது.

இது கலர் ஃபிலிமுக்கான மெஷின், இதற்கு ஒத்துவராது என்று கவுண்டரில் இருந்தவர் இந்தியில் இரண்டு முறை சொன்னார். படத்தில் கலர் வராது, அதற்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்து, "கலர் நஹி சாஹியே பாய், சலேகா" (கலர் வேண்டாம், பரவாயில்லை) என்று நானே அவருக்கு ஆறுதல் சொன்னேன். என் பொறுப்பில்தான் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் கவரைப் பிரித்தால் இரண்டு ஃபிலிம் பட்டைகளும் கண்ணாடி மாதிரி இருந்தன. படம் இல்லை. ஓரத்தில் இருக்கும் நம்பர்கூட இல்லை. கவுண்டர்காரர் என் கையெழுத்தை எடுத்துக் காட்டினார்.

மாட்டுங்காவுக்கு ஓடினேன். அந்தத் தமிழர் பட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த ஃபிலிம்ல வெள்ளிதான் படமே. கலர் மெஷின் அதை மொத்தமா கழுவி எடுத்துடும். இனிமே பகவானே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

முதலிலேயே ஏன் தன்னிடம் வரவில்லை என்று கேட்டார். வெட்கத்தை விட்டுக் காரணத்தைச் சொன்னேன். அவர் இருட்டறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"நான் கழுவறதோட சரி. பொம்மனாட்டிகள் படம்னா பிரிண்ட் போடறது என் ஆத்துக்காரிதான். அதுக்காகவே தாராவிலேர்ந்து எத்தனை பேர் இங்க கொண்டுவந்து குடுக்கறா தெரியுமோ?"

அந்தக் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன். லாத்தா படம் இல்லாமல் மஸ்கட் போனாள். மூன்று மாதம் என் போனை எடுக்கவில்லை.

இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் படம் எடுக்கும் பேச்சு வந்தால் மச்சான் ஆரம்பித்துவிடுவார்: "யாரும் பாக்கப்படாதுன்னா நம்ம காதரக் கூப்பிடுங்க." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். உம்மாவை மட்டும் இன்னொரு படத்துக்கு உட்காரவைக்க முடியவில்லை. கெஞ்சிப் பார்த்துவிட்டேன், லாத்தாவை விட்டும் கேட்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"ஒனக்குத்தான் ஒருவாட்டி சிரிச்சுக் குடுத்தேம்லா" என்கிறாள் உம்மா. "அதத் தொலச்சிட்டு வந்து நின்னா நா என்னல செய்ய?"