உன் முழங்கால் ஆபரேஷனும் என் முத்திரையும்

அன்பும் மரியாதையும் மிகுந்த இசோகோ அக்கா அவர்களுக்கு,

தம்பி மிசாவா தொகுஜி பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் கினுயோவும் சௌக்கியம். கூரைப் பனி ஒருவழியாகச் சரிந்து விழுந்து, வாசலில் அழுக்கு மூட்டை போலக் கிடக்கிறது. அங்கே ககோஷிமாவில் இந்நேரம் பூ பூத்து உதிர்ந்தே போயிருக்கும். தாங்களும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும், தங்கள் முழங்கால்கள் இரண்டும் சுகமாக இருக்க வேண்டும். முழங்காலைத் தனியாக ஏன் விசாரிக்கிறேன் என்றால், இந்தக் கடிதமே அதிலிருந்துதான் ஆரம்பம்.

போன வாரம் நீ எழுதிய கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். முதல் கேள்வி: "எனக்கு முழங்கால் ஆபரேஷன்னு எவன்டா சொன்னான்? உன் தெருவுல இருக்கற பதினெட்டு வீட்டுக்காரங்க சேர்ந்து ஒரு டின் அரிசி பிஸ்கட் அனுப்பி, சீக்கிரம் எழுந்து நடக்கணும்னு வாழ்த்தியிருக்காங்க. நான் தினம் மேடேறி இறங்கிட்டிருக்கேன்!" இரண்டாவது கேள்வி: "உங்க ஊர்க் கோர்ட்டுல அந்த வகூய் பொம்பளையை விட்டுட்டாங்களாமே. கூரைப் பனியைத் தள்ளிட்டிருந்த புருஷனை ஏணியை இழுத்துக் கொன்னுட்டு, அன்னைக்குச் சாயந்திரமே மண்வெட்டி எடுத்து மீதிப் பனியைத் தள்ளுவாளா ஒருத்தி? எந்த ஆறு முட்டாளுங்கடா அவளை விட்டது?" அக்கா, இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். மூன்று நீதிபதிகளுக்குப் பக்கத்தில் பொதுஜனங்களில் ஆறு பேரை உட்கார வைத்தார்களே, அந்த ஆறு முட்டாள்களில் நாலாம் நம்பர் நாற்காலி என்னுடையது.

குலுக்கலில் பெயர் விழுந்தது. முப்பத்தெட்டு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் நான். இதுவரை எந்தக் குலுக்கலிலும் ஒரு சோப்பு டப்பாகூட விழுந்ததில்லை, கொலை வழக்கு விழுந்தது. விசாரணை நடக்கிறவரை வெளியில் மூச்சு விடக்கூடாது என்றார்கள். நான் சளி, ஜுரம் என்று சொல்லிவிடலாம் என்றேன். கினுயோ, "ஏங்க, சளி பிடிச்சவன் ஒம்பது நாள் கோட்டு டை கட்டிக்கிட்டு எட்டு மணி ரயிலுக்குப் போவானா?" என்று கேட்டுவிட்டு, நான் யோசிப்பதற்குள் தெரு முழுக்க, "அவங்க அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன், ககோஷிமா போயிருக்கார்" என்று சொல்லி முடித்துவிட்டாள். ககோஷிமாவில் இருக்கிறவன் தினமும் சாயந்திரம் வீட்டுக்கு வருவது எப்படி? முகமூடி, கம்பளித் தொப்பியோடு, பின்சந்துப் பனியில் முழங்கால் புதைய நடந்து வந்தேன். ஒன்பது நாளும் என் வீட்டுக்குள் நானே திருடன் மாதிரி நுழைந்தேன். உண்மையில் முழங்கால் போனது எனக்குத்தான்.

இப்போது விசாரணை முடிந்துவிட்டது, நான் போனேன் என்பதைச் சொல்லலாம். சட்டப்படி நான் உனக்குச் சொல்லக்கூடியவை: நான் அங்கே இருந்தேன், நாற்காலி நன்றாக இருந்தது, மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அந்த மூடிய அறைக்குள் யார் என்ன பேசினார்கள், எந்தக் கை எந்தப் பக்கம் உயர்ந்தது என்பதைச் சாகிறவரை சொல்லக்கூடாது. சொன்னால் ஜெயில்கூட உண்டு. கினுயோவிடம் இதைச் சொன்னபோது, "முப்பத்தொன்பது வருஷமா நீங்க வீட்டுல வாயைத் திறந்ததில்லை, இதுக்கு ஒரு சட்டம் வேறயா?" என்று கேட்டுவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

தீர்ப்பு வந்த நாளிலிருந்து இந்த ஊரில் வேறு பேச்சே இல்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது அக்கா, சலித்துப்போய்விட்டேன். முடி வெட்டும் மினோவா அம்மாள், "கோர்ட்ல அவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, நானே பார்த்தேன்" என்கிறாள். எங்கே பார்த்தாய் என்றால், டிவியில் காட்டிய படத்தில். கோர்ட்டுக்குள் காமிரா விடமாட்டார்கள், ஒரு ஆள் பென்சிலால் வரைந்த படம் அது. "வரைஞ்சவன் கண்ணீர் வரையலைன்னா அவ என்னம்மா பண்ணுவா?" என்று யாரோ கேட்டதற்கு, "இருந்தா வரைஞ்சிருப்பானே!" என்றாள். விடுதலை சரிதான் என்கிற கட்சியும் உண்டு. அவர்கள் பேச்சு இன்னும் மோசம். "புருஷன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, தானா விழுற ஆளுதான்" என்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: அந்த ஆறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. நான் ஒரு தடவை, "ஏணியோட கால் எங்க நின்னுதுன்னு..." என்று ஆரம்பித்தேன். மீன்கடைக் கபுராகி கையமர்த்தி, "மிசாவா அண்ணே, நீங்க ககோஷிமாவுல இருந்தீங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. சும்மா இருங்க" என்றான். நாலாம் நம்பர் நாற்காலி என்னுடையது என்று அவர்களிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, வீட்டுக்கு நடையைக் கட்டினேன்.

இங்கேதான் என் கஷ்டகாலம். எங்கள் தெருச் சங்கத் தலைவர் உசுகி, பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர், தீர்ப்பை எதிர்த்து அரசு வக்கீல் பதினாலு நாளைக்குள் மேல்முறையீடு செய்தே ஆகவேண்டும் என்று ஒரு மனு எழுதினார். எழுதி, தெரு அறிவிப்புகளோடு வீடு வீடாகச் சுற்றுமே அட்டை, அதில் சாக்கடை சுத்தம் செய்யும் தேதிக்கும் குப்பை பிரிக்கும் அட்டவணைக்கும் நடுவில் செருகிவிட்டார். இந்த வருஷம் குழுத் தலைவன் முறை எனக்கு, ஆகவே அட்டை முதலில் வருவதும் என் வீட்டுக்குத்தான். அந்த அட்டையை யார் படிக்கிறார்கள்? வந்தால் கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரையை எடுத்து அழுத்து, அடுத்த வீட்டுக் கதவில் மாட்டு. பல் தேய்க்கிற மாதிரி நானும் அழுத்தினேன், மாட்டினேன், வந்து டீ குடித்தேன். அது திங்கட்கிழமை.

வியாழக்கிழமை அயலை வாங்கப் போனேன். கபுராகி மீனைக் கீறிக்கொண்டே, "புருஷன் செத்த அன்னைக்கே மண்வெட்டியைத் தூக்கினவ மனுஷியா? அழாதவ மனுஷியா?" என்று சுற்றி நின்ற நாலு பேருக்குச் சொற்பொழிவு நடத்திக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடப்பாவி, நான் எதில் முத்திரை வைத்தேன்! ஆறு பேரில் ஒருவன், தன் தீர்ப்பையே மாற்றச் சொல்லும் மனுவில் முதல் ஆளாக முத்திரை வைத்திருக்கிறான்! நாளைக்கு இது தெரிந்தால், அந்த அறையில் என் கை எந்தப் பக்கம் போனது என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகாதா? ரகசியம் உடைந்தால் ஜெயில். முத்திரையை எடுத்தே ஆகவேண்டும். எடுப்பதென்றால் அதன் மேல் இரண்டு கோடு போட்டு, அதே முத்திரையை நானேதான் இன்னொரு தடவை அழுத்த வேண்டும். வேறு யாரும் செய்ய முடியாது. மீனை அவன் பலகையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, முத்திரையை எடுத்துக்கொண்டு அட்டையைத் துரத்த ஆரம்பித்தேன்.

மினோவா அம்மாள் கடையில் அட்டை இல்லை. கேட்கப் போனவனை நாற்காலியில் உட்கார வைத்துத் துணியைப் போர்த்திவிட்டாள். கழுத்தில் சவரக்கத்தியை வைத்துக்கொண்டு, "அண்ணே, நான் படிக்கக்கூட இல்ல. மேல பார்த்தா உங்க முத்திரை. பேசாத மனுஷனே வெச்சிருக்காருன்னா விஷயம் இருக்கும்னு நானும் வெச்சுட்டேன். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்றாள். அந்த நிமிஷம் கத்தி கொஞ்சம் அழுந்தியிருந்தால்கூட நான் ஆட்சேபித்திருக்க மாட்டேன். அங்கிருந்து குரோசு வீடு. பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தால், குரோசு அட்டையைக் காரில் போட்டுக்கொண்டு, போகிற வழியில் அடுத்த வீட்டில் கொடுக்கலாம் என்று நினைத்து, கொடுக்க மறந்து, அப்படியே மலைமேல் வெந்நீர் ஊற்றுக்குப் போய்விட்டானாம். நாற்பது நிமிஷம் பஸ். போனேன். அவன் தண்ணீருக்குள் கழுத்துவரை உட்கார்ந்திருக்கிறான். கார் சாவியை வாங்க வேண்டுமென்றால் நானும் உடம்பைக் கழுவிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். இறங்கினேன். அங்கேயும் முன்பின் தெரியாத இரண்டு கிழவர்கள் தலையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு, "அந்த ஆறு முட்டாளுங்க..." என்று ஆரம்பித்தார்கள்.

கடைசியில் உடை மாற்றும் அறையில், இடுப்பில் ஒரு சின்னத் துண்டோடு, குரோசு காரிலிருந்து எடுத்து வந்து, நீராவியில் ஊறிப்போன அந்தத் தாளில் இரண்டு கோடு போட்டு, முத்திரையை அழுத்தினேன். குரோசு பார்த்துக்கொண்டே நின்றான்.

"இதுக்காகவா அண்ணே பஸ் ஏறி வந்தீங்க?"

"ஆமா."

"ஏன் எடுக்கறீங்க?"

"சொல்ல முடியாது."

"அந்தப் பொம்பளை உங்களுக்குச் சொந்தமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா."

குரோசு தலையைத் துவட்டினான். "சரி, நீங்க எடுத்தா நானும் எடுத்துடறேன்" என்று அவனும் இரண்டு கோடு போட்டான். மறுநாளிலிருந்து தெருவில் அதுவே வழக்கமாகிவிட்டது. மிசாவா எடுத்துவிட்டாராம், ஏதோ இருக்கிறது என்று ஏழு பேர் கோடு போட்டார்கள். அதில் இரண்டு பேர் திரும்ப மனசு மாறி ஓரத்தில் புதிதாக அழுத்தினார்கள். சிவப்பு மையை மிதித்த கோழி தாள் முழுக்க நடந்த மாதிரி இருக்கிறது. உசுகி அதை எடுத்துக்கொண்டு வந்து, "மிசாவா, இதை நான் எப்படிங்க அனுப்பறது?" என்று கேட்டபோது அவர் குரல் அழுகிற மாதிரி இருந்தது. மனு அவர் மேஜைக்குள்ளேயே கிடக்கிறது, நாளையோடு கெடு முடிகிறது. அரசு வக்கீல் எங்கள் அட்டைக்காகக் காத்திருக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பாவம் முழுவதும் என் தலையில்தான். கபுராகி எனக்கு மட்டும் வால்துண்டாகப் பார்த்துப் போடுகிறான். மினோவா அம்மாள் இந்த மாதம் இடமில்லை என்று சொல்லிவிட்டாள். அங்கே இருப்பதே ஒரே ஒரு நாற்காலி, அதுவும் காலியாக இருந்தது. கினுயோ, "நிஜமாவே ககோஷிமா போய்டலாம்" என்கிறாள்.

ஆகவே அக்கா, ஒரே ஒரு உதவி செய். தெருச் சங்கத்துக்கு ஒரு நன்றி அட்டை எழுதிப் போடு. பிஸ்கட் நன்றாக இருந்தது, ஆபரேஷன் ஆன முழங்கால் மடங்குகிறது, தம்பி ஒன்பது நாளும் கூடவே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தான் என்று எழுது. கஞ்சி பிரமாதம் என்று எழுதாதே, யாரும் நம்பமாட்டார்கள். எழுத்து கொஞ்சம் நடுங்கினாற்போல் இருக்கட்டும். அத்தானுக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, எந்தக் குலுக்கலிலும் பெயர் விழாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாயடைத்துப்போன உன் தம்பி,
தொகுஜி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். ஒட்ட மனம் வரவில்லை, பிரித்துவிட்டேன். அக்கா, பல் தேய்க்கிற மாதிரி அழுத்தினேன் என்று மேலே எழுதியது பொய். அந்த மனுவை இரண்டு தடவை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் அழுத்தினேன். அழுத்தும்போது மனசுக்கு இதமாக இருந்தது. அந்த அறையில் என் கை குற்றவாளி என்கிற பக்கம்தான் போனது, தோற்றுவிட்டேன். காரணம் கேட்டார்கள், சொன்னேன்: புருஷன் செத்த அன்றைக்கே மண்வெட்டி எடுத்தாள், அழவில்லை. அன்றைக்கு மீன்கடையில் கபுராகி பேசியது ஒரு சொல் மாறாமல் நான் பேசியது. வேறொருவன் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் பஸ் ஏறியது ஜெயிலுக்குப் பயந்து இல்லை. அயலை நாற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, அப்பா போன நாள் ஞாபகத்துக்கு வந்தது. மத்தியானம் உயிர் போனது, சாயந்திரம் வரை பனி நிற்கவில்லை, கூரைப் பனியின் பாரத்தில் உத்தரம் முனகியது. நான் உள்ளே கணப்பு மேஜைக்கடியில் காலை நீட்டிக்கொண்டு, துக்கத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த ஆரஞ்சைத் தின்றுகொண்டிருந்தேன். அம்மா கூரைமேல் இருந்தாள். அழவில்லை. அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு ஒரு தடவைகூட இது ஞாபகம் வரவில்லை. இதை எழுதியதே குற்றம், படித்ததும் கிழித்துப் போடு. மண்வெட்டி எடுப்பாளா ஒருத்தி என்று கேட்டிருக்கிறாயே. எடுத்தாள் அக்கா. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ.