உங்கள் தம்பியின் கழுத்தைப் பிடித்த கை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முட்டி வலி புதுத் தைலத்துக்குக் கட்டுப்பட்டதா என்று தெரிவிக்கவும். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் கால்பந்து காட்டியபோது, கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண்பிள்ளை ஓர் ஆளின் பிடரியை அழுத்திக் குனிய வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தீர்களாம். அன்று முதல் சொந்தக்காரர் ஒருவர் விடாமல் ஃபோன் போட்டு, "என் தம்பிய ஊரே பார்க்கப் போட்டு அடிக்கிறா" என்று அழுகிறீர்களாம். சின்ன மாமா சொன்னார். அண்ணி, நீங்கள் பார்த்தது பொய்யில்லை. அந்தக் கழுத்து உங்கள் தம்பியுடையது. அந்தக் கை என்னுடையது. ஆனால் எதற்காக என்பதை முழுக்கக் கேட்டுவிட்டு, யாரைத் திட்டுவது என்று அப்புறம் முடிவு செய்யுங்கள்.

உங்கள் தம்பிக்கும் நீலச்சட்டை அணிக்கும் உள்ள பந்தத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு முதல் நீலச்சட்டை வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தானாம். அதை நாம் நேரில் பேசிக்கொள்ளலாம். இந்த வருஷம் அந்த அணி பட்ட அடியை நாய்கூடப் பட்டிருக்காது. சொந்த மைதானத்தில் தோற்றார்கள், வெளியூரில் தோற்றார்கள், மழையால் பாதியில் நின்ற ஆட்டத்தை மறுபடி ஆட வைத்து அதிலும் தோற்றார்கள். பட்டியலின் கடைசியில் நிற்கும் அணிகளை அடுத்த வருஷம் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்களாம். "இறங்கினா என்னங்க? படிக்கட்டுன்னா ஏறவும்தான் செய்வாங்க, இறங்கவும்தான் செய்வாங்க" என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. வேலையிலும் மனசு இல்லை. கண்ணாடிக் கடையில் அவர் தேய்க்கிற லென்ஸ் என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டல்லவா? ஒரு தோல்விக்கு மறுநாள் அவர் தேய்த்துக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் பக்கத்து வீட்டுக்குள் போய், செருப்பைக் கழற்றி வைத்து உட்கார்ந்து, காபி எங்கே என்று கேட்டிருக்கிறார்.

இப்படி ஊருக்கெல்லாம் கண் பார்க்கிற மனுஷன் தன் கண்ணைப் பார்த்துக்கொள்ளவில்லை. கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் அவர் கண் முன்னால் கறுப்புப் பொட்டுகள் பறந்திருக்கின்றன. கொசு என்று கையால் விரட்டியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமாகத் திரை இறங்கின மாதிரி இருட்டு. எப்போதும் பக்கத்தில் உட்காருகிற கறிக்கடைக்காரரிடம், "அந்தப் பக்க விளக்கு அணைஞ்சு போச்சு பாரு, நிர்வாகமே சரியில்ல" என்றாராம். "எல்லா விளக்கும் எரியுதேண்ணே" என்று அவர் சொன்ன பிறகாவது எழுந்து வந்திருக்க வேண்டாமா? ஆட்டம் முடியும்வரை இருந்து, தோல்வியை முழுசாகப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து, நம் வீட்டு விளக்கும் பாதிதான் எரிகிறது என்று கண்டபிறகுதான் என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். கண்ணுக்குள்ளே இருக்கிற திரை பிய்ந்து வந்துவிட்டது, உடனே ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. நான் அங்கே நடுங்கிக்கொண்டு நிற்கிறேன், உங்கள் தம்பி படுக்கையில் கிடந்தபடி, "டாக்டர், ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடுமா? கடைசி ஆட்டம் இருக்கு" என்கிறார். உங்கள் இரத்தக் கொதிப்பை நினைத்துத்தான் உங்களுக்குத் தெரிவிக்கவில்லை. அது தப்பென்றால் மன்னியுங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை வைத்திருக்கிறார்களாம், அதுதான் திரையை அழுத்திப் பிடித்திருக்குமாம். அந்தக் குமிழி இடம் மாறாமல் இருக்க, முகத்தைத் தரையைப் பார்த்தபடியே வைத்திருக்க வேண்டும். படுத்தாலும் உட்கார்ந்தாலும் நடந்தாலும் அப்படியே. "தலைய நிமிர்த்தினா பார்வை போனாலும் போயிடும்" என்று டாக்டரம்மா பச்சையாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடச் சீருடை தைத்து மிச்சமான துணியில் நடுவே ஓட்டை வைத்து ஒரு தலையணை தைத்துக் கொடுத்தேன். அதில் முகத்தைப் புதைத்துக் கிடந்தார். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்தால் குனிந்தபடி சாப்பிடுவார். வருகிறவர்களைக் காலை வைத்து அடையாளம் கண்டு பேசுவார். நடுநடுவே மட்டும், "டாக்டர் உட்காரலாம்னு சொன்னாங்க. எங்க உட்காரணும்னு சொல்லலையே" என்பார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதே என்று சீருடை தைக்கிற அவசரத்தில் நான் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் தலையணை இருக்கிறது, ஓட்டை இருக்கிறது, அதில் முகத்தைக் காணோம். போட்டது போட்டபடி ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி குனிந்து நிற்கிறார். போகிற வருகிறவர்கள் நின்று, "என்னங்க விழுந்துடுச்சு?" என்று கேட்டு அவரோடு சேர்ந்து தேடுகிறார்கள். நான் மூச்சிரைக்கப் போய் எதிரே நின்றேன்.

"உன் செருப்பு வார் அறுந்திருக்கு பாரு" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

"எங்க கிளம்பிட்டீங்க? கண்ணு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"நான் ஆட்டத்த பார்க்கவே போறதில்ல. அங்க இருக்கப் போறேன், அவ்வளவுதான். அவங்க ஜெயிச்சப்ப எல்லாம் கூட இருந்தேன். இன்னிக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கிறாங்க. இந்த நேரத்துல எட்டிப் பார்க்கலன்னா நான் மனுஷனா?"

அவர் அதைத் தரையைப் பார்த்துச் சொன்னவிதம் இருக்கிறதே அண்ணி, எனக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அங்கிருந்தே டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "போகக்கூடாதுன்னுதான் நான் சொல்வேன். கேக்கவே மாட்டார்னா, தலை ஒரு தடவகூட நிமிரக்கூடாது. அவர் கழுத்துல இருந்து நீங்க கைய எடுக்காதீங்க" என்றார். ஆக, அந்தக் கை வைத்தியர் சொல்லி வைத்த கை. வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்து கட்டிப்போட்டால் மறுபடி கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடுவார். மாடு ஓடினால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டியதுதான். ஏறினேன் பேருந்தில்.

மைதானத்துக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. எதிரே பச்சைச்சட்டை அணி. பட்டியலில் அவர்கள்தான் உச்சி. நம்மவர்கள் ஜெயிக்க வேண்டாம், சமன் செய்தாலே பிழைத்துக்கொள்வார்கள் என்றார் கறிக்கடைக்காரர். தோற்றால் கீழே. நான் ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டேன். விசில் ஊதினார்கள்.

"என்ன நடக்குது, சொல்லு."

"ஓடறாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான்."

"பந்து எங்க?"

"அதத்தாங்க நானும் தேடறேன்."

கொஞ்சம் கொஞ்சமாக எனக்குப் பிடிபட்டது. எனக்குத் தெரிந்த பாஷையில்தானே சொல்ல முடியும்? "அந்த நெட்டையன் இருக்கானே, கால்சட்டை ரெண்டு அங்குலம் குட்டையா தச்சிருக்காங்க, அவன் ஓரத்துலேயே துணி கிழிக்கிற மாதிரி நேரா போறான்... பச்சைக்காரன் குறுக்க வந்து வெட்டிட்டான்" என்றால், "யாரை?" என்று பதறுவார். "பந்தைங்க" என்பேன். நம் அணியின் மொட்டைத்தலைத் தடுப்பாட்டக்காரர் ஒருவர், வயசானவர், ஓடுகிறபோது தையல் விட்டுப்போன பை மாதிரி ஆடுகிறார். அவரைப் பற்றி நான் சொல்லச் சொல்ல முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். கறிக்கடைக்காரர் காதிலிருந்த ரேடியோவை அணைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்கக்கா, இதுவே நல்லாருக்கு" என்றார்.

பாதி ஆட்டம் முடிகிற சமயத்தில் பச்சைக்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். மைதானமே வாயடைத்துப் போனது.  உங்கள் தம்பி தரையைப் பார்த்தபடி மெதுவாக, "போட்டுட்டானா?" என்றார். "போட்டுட்டாங்க" என்றேன். அவர் கால்களுக்கு நடுவே சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு விழுந்தது. "என்னங்க?" என்றேன். "மருந்து. கண்ணுக்கு விட்டியே, அது" என்றார். மருந்து விட்டது காலையில்.  கழுத்தை அழுத்திக்கொண்டிருந்த கையால் அப்படியே கொஞ்சம் தடவிக் கொடுத்தேன். தொலைக்காட்சிக்காரர்கள் அதைக் காட்டவில்லை பாருங்கள்.

அடுத்த பாதியில்தான் நான் உங்களிடம் தலைகுனிய வேண்டிய காரியம் நடந்தது. நம் நெட்டையன் அடித்த பந்து எங்கேயோ போக வேண்டியது, நடுவே கீழே விழுந்து எழுந்துகொண்டிருந்த அந்த மொட்டைத்தலைக்காரரின் முதுகில் பட்டு வலைக்குள் போய்விட்டது! அவருக்கே தெரியவில்லை, யார் அடித்தார்கள் என்று சண்டைக்குத் திரும்பிப் பார்க்கிறார். நான் என்னை மறந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்துவிட்டேன். இரண்டு கையையும், அண்ணி. முன்பின் தெரியாத ஒருவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்போது கீழேயிருந்து ஒரு குரல்: "யாரு போட்டது? நம்மாளா? யாராவது சொல்லுங்களேன்!" எனக்கு உயிரே போய்விட்டது. குனிந்து பார்த்தால், தன் சட்டைக் காலரைத் தானே இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு நூல்கூட நிமிர்த்தாமல் உட்கார்ந்திருக்கிறார். அத்தனை ஆயிரம் பேரில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான்.

பிறகு ஆட்டம் முடியப் போகிற நேரம், நம் ஆள் ஒருவன் கோல் பக்கத்தில் பச்சைக்காரனின் காலை வாரிவிட, பெனால்டி கொடுத்துவிட்டார்கள். அவர்கள் ஆள் தனியாக நின்று அடிப்பான், நம் கோல்கீப்பர் தனியாக நின்று தடுக்க வேண்டும். 

"பந்த வச்சுட்டானா?" என்றார் உங்கள் தம்பி.

"தெரியலைங்க."

"பார்த்துச் சொல்லேன்."

"முடியலைங்க. நானும் தரையத்தான் பார்க்கிறேன்."

ஆமாம் அண்ணி. அவர் கழுத்தில் கையை வைத்தபடியே நானும் அவர் பக்கத்தில் குனிந்துகொண்டேன். எங்கள் இருவர் தலையும் முட்டிக்கொண்டு இருந்தன. கீழே கடலைத் தோல், நசுங்கின காகிதக் குவளை, எதையும் கண்டுகொள்ளாமல் போகிற ஓர் எறும்பு. அவர் என் இன்னொரு கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. விசில் கேட்டது. பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் இடி விழுந்த மாதிரி ஒரு கூச்சல்.

"நம்ம சத்தமா, அவங்க சத்தமா?" என்று அலறினேன்.

"நம்ம சத்தம்டி! நம்ம சத்தம்! தடுத்துட்டான்!" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை 'டி' போட்டது அன்றுதான். நான் கோபித்துக்கொள்வதற்குள் கறிக்கடைக்காரர் மூட்டை சரிந்த மாதிரி எங்கள் மேல் விழுந்தார். குமிழி, திரை, பார்வை எல்லாம் ஒரே நொடியில் நினைவுக்கு வர, பானைக்கு மூடி போட்ட மாதிரி உங்கள் தம்பி தலைமேல் கவிழ்ந்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்தது அதைத்தான். அவர் அழுதுகொண்டிருந்ததும் உண்மை. வலியால் அல்ல.

மறுநாள் பயந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார். நான் வேண்டாத தெய்வமில்லை. "நல்லா ஒட்டியிருக்கு. ஒரு பழுதும் இல்ல" என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. முந்தின நாள் கத்தின கத்தலில் தொண்டை அவ்வளவு கட்டியிருந்தது. "டாக்டர், நீலச்சட்டை கீழ இறங்கல, தெரியுமா?" என்று உங்கள் தம்பி குனிந்தபடியே பெருமையாகக் கேட்டார். "தெரியும், வயித்தெரிச்சலக் கிளப்பாதீங்க. நான் பச்சைச்சட்டை" என்றார் டாக்டரம்மா.

நேற்றிலிருந்து தலையை நிமிர்த்தலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். குமிழி கரைந்து பார்வை தெளிய இன்னும் நாளாகுமாம். மெதுவாக நிமிர்ந்து, முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். "தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி தெரியற. ஆனா நீதான்" என்றார். வேறென்ன வேண்டும் எனக்கு?

ஆனால் அண்ணி, இன்னொரு வருஷம் இப்படித் தாங்க என் உடம்பில் தெம்பில்லை. நீங்கள் ஒரு தடவை வந்து, உங்கள் வாயால் அவரைத் திட்டி, இனி அந்த மைதானம் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று சத்தியம் வாங்கித் தர வேண்டும். பைத்தியக்காரத்தனத்துக்கும் ஓர் அளவு உண்டு. உங்கள் சொல்லை மட்டும்தான் அவர் தட்டமாட்டார். அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உங்கள் வீட்டில் எல்லோருடைய கண்ணும் குளிர்ந்து, மனசும் நிறைந்திருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள்மேல் மரியாதையுள்ள,
தம்பி மனைவி

பின்குறிப்பு: உறையை ஒட்டியபிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். திட்ட வருவதென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அதுதான் தோதான நாள். வெளியூரில் ஒரு நட்பு ஆட்டம். உங்கள் தம்பிக்கு டாக்டரம்மா இன்னும் பயணத்துக்கு அனுமதி கொடுக்கவில்லை, அதனால் வீட்டில்தான் இருப்பார். சாவி அவரிடமே இருக்கும். சாப்பாடு செய்து மூடி வைத்துவிட்டுப் போகிறேன். நான் காலையிலேயே ரசிகர்கள் பேருந்தில் கிளம்புகிறேன். கறிக்கடைக்காரர் ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருக்கிறார், நான் சொல்லிக்கொண்டே வராவிட்டால் அவர்களுக்கு ஆட்டம் ருசிக்கவில்லையாம். இடதுபக்கத் தடுப்புக்குப் புதிதாக ஒரு பையனை எடுத்திருக்கிறார்கள், அண்ணி. அவன் எப்படி என்று நேரில் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.